உப்புப் போட்ட வைக்கோல்

1

இன்று என் மகள் தர்சிகாவுக்குப் பதினெட்டு வயது. பாரிசின் லா சப்பலில், ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல்முனையில் இருக்கும் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. நல்ல மேசைகளில் சாப்பிட வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிளேன்டீயோடு ஒரு மணித்தியாலம் குந்தியிருப்பவனுக்கு இந்த மேசைதான் கிடைக்கும், அதில் எனக்கு மனவருத்தம் இல்லை.

இலங்கையில் எங்கள் ஊரான பரந்தனில் இப்போது பின்னேரம். கேக் வெட்டி முடிந்ததும் அழைக்கிறேன் என்று தர்சிகா காலையில் செய்தி அனுப்பினாள். அதற்குள் அவளுக்கு என்ன சொல்வது என்று நான் முடிவு செய்தாக வேண்டும். விஷயம் ஒரு வரிதான். பிள்ளை, உன்னை இனி இங்கே கூப்பிட முடியாது. ஏன் என்று கேட்டால்தான் சிக்கல். யுத்தம் காரணம் என்று சொல்லலாம், பிரெஞ்சு அரசாங்கம் காரணம் என்று சொல்லலாம். இங்குள்ள நாங்கள் எல்லாரும் எதற்கும் அப்படித்தான் சொல்கிறோம், ஊரில் கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். என் விஷயத்தில் காரணம் ஐந்து மூட்டை உப்பு. அதை வைக்கோலில் தூவியவன் நான்.

2

நான் வெளிக்கிடும்போது தர்சிகாவுக்கு மூன்று வயது. இங்கே வந்து அகதி என்று எழுதிக் கொடுத்தேன், இரண்டு தரமும் இல்லை என்றார்கள். பிறகு பத்து வருடத்துக்கு மேல் இதே வீதியில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளின் குசினிகளில் கறுப்பு வேலை. கறுப்பு வேலை என்றால் பதிவில்லாத வேலை, ஊரில் உள்ளவர்கள் வேறு ஏதும் நினைக்க வேண்டாம். அந்த வருடங்களில் என் மகளைக் கைத்தொலைபேசி அளவில்தான் பார்த்தேன். பல் விழுந்ததும் முளைத்ததும் அந்தக் கண்ணாடிக்குள்தான்.

பிறகு ஒரு அதிர்ஷ்டம் வந்தது. பாரிசுக்குத் தெற்கே, 'தே' எழுத்துத் தட ரயிலின் கடைசித் தரிப்பான மெலனுக்கும் அப்பால், பெர்னார் என்று ஒரு வைக்கோல்காரர். கோதுமை வயல்களில் வைக்கோலைக் கட்டிச் சேர்த்து விற்பவர். அறுபது வயது, இடுப்பு சரியில்லை, அந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. எனக்கு வயல் தெரியும் என்றதும் எடுத்துக்கொண்டார். பிரெஃபெக்சூர் என்ற அரச அலுவலகத்துக்கு எழுத வேண்டியதையெல்லாம் எழுதினார், கூட வந்து வரிசையிலும் நின்றார். அவரால்தான் எனக்கு இங்கே சட்டப்படி இருக்க விசா கிடைத்தது. போன ஏப்ரலில் நிரந்தர ஒப்பந்தமும் தந்தார்.

குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு முக்கியமாக மூன்று வேண்டும். வீடு, தொடர்ந்து பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு, இன்றும் வேலையில் இருக்கிறான் என்று முதலாளி எழுதிய கடிதம். பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்கு முன் அந்த விண்ணப்பம் குறையில்லாமல் போய்ச் சேர வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் அவள் பிள்ளை இல்லை, வளர்ந்த ஆள். தன்பாட்டில் வர வழி பார்க்க வேண்டியதுதான். பன்னிரண்டாவது சீட்டு மார்ச் கடைசியில் வரும், அவளுடைய பிறந்தநாள் ஏப்ரல் நடுவில். இடையில் இரண்டு கிழமை இருக்கிறது, போதும் என்று நினைத்தேன்.

பாரிசுக்கு வடக்கே, அதே ரயில் பாதையில் இருக்கும் சார்செலில் இரண்டு அறை வீடு ஒன்று எடுத்தேன். சின்ன அறையில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை நான் கழற்றவில்லை, அதை அவள் வந்து கழற்றட்டும் என்று விட்டேன்.

3

லா சப்பலில் என்னைக் கண்டவர்கள் என்ன வேலை என்று கேட்பார்கள். வைக்கோல் என்றால் சிரிப்பார்கள்.

"என்னண்ணை, பிரான்சுக்கு வந்தும் மாட்டுக்கு வைக்கலோ?"

"மாட்டுக்கில்லை. சோபாஜுக்கு."

சோபாஜ் என்றால் வீட்டைச் சூடாக்குவது. இங்கே அதில்லாமல் குளிர்காலம் கழியாது. சில நகரங்களில் அடுக்குமாடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பெரிய கொதிகலன் வைத்து, சுடுநீரை நிலத்துக்கடியில் குழாய் வழியாக அனுப்புவார்கள். எரிப்பது எரிவாயுவாக இருக்கும், விறகாக இருக்கும். பெர்னார் வைக்கோல் கொடுக்கும் நிலையத்தில் வைக்கோல். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறது, பெயர் வேண்டாம்.

ஜூலையில் கோதுமையை இயந்திரம் வெட்டிக்கொண்டு போகும். பின்னால் வைக்கோல் நீள நீள வரிசையாக மண்ணில் கிடக்கும். முதல் வருடம் எனக்கு விசர் பிடித்தது, ஏனென்றால் பெர்னார் அதை உடனே கட்டவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழைக்காகக் காத்திருந்தார். ஊரில் சூடடித்த வைக்கோலில் நாலு துளி விழுந்தால் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் ஓடுவோம். இந்த மனிதர் அது நன்றாக நனைந்து, மஞ்சள் போய் நரைத்து, மறுபடி காய்ந்த பிறகுதான் இயந்திரத்தை இறக்கினார். அந்த நரைத்த வைக்கோலை மாடு மணந்துகூடப் பார்க்காது.

ஏன் என்று கேட்டேன். வயல் வரம்பில் நின்று கால் மணித்தியாலம் விளக்கினார். கையை மழைபோல் இறக்கினார், எதையோ கழுவிக் காட்டினார், குழாய் என்றார், கொதிகலன் என்றார். வேகமான பிரெஞ்சு. நான் "உய், உய்" என்றேன்.

உய் என்றால் ஓம். இந்த "உய்" பற்றிச் சொல்ல வேண்டும். குசினியில் பழகியது. அங்கே பெரிய சமையற்காரர் கத்துவார், என்ன சொன்னார் என்று யோசிப்பதற்கு முன் ஓம் என்றுவிட வேண்டும், பிறகு பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து அவன் செய்வதைச் செய்ய வேண்டும். விளங்கவில்லை என்று சொல்பவனுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. பத்து வருடத்தில் அது என் வாயில் ஊறிவிட்டது. பெர்னார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கிறேன், ஆம் என்கிறாயே" என்று என் முதுகில் தட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மாட்டின் எடைக்குக் குறையாது. நீட்டுக்கை வண்டியால் தூக்கி, ஒரு வீட்டு உயரத்துக்கு அடுக்கி, மேலே படங்கு போட்டு இழுத்துக் கட்டுவேன். குளிர் தொடங்கியதும் லொறி வரும். சில நாள் நானும் ஏறிக்கொள்வேன். நிலையத்தின் வாசலில் ஒருவர் நீண்ட கம்பியைக் கட்டுக்குள் குத்தி ஈரம் பார்ப்பார். ஈரம் கூடினால் லொறியைத் திருப்பி அனுப்பிவிடுவார். சரியென்றால் உள்ளே போகும். திரும்பி வரும் வழியில் அடுக்குமாடிகளின் சன்னல்களைப் பார்ப்பேன். வெளியே குளிர் பல்லைக் கிட்ட வைக்கும், உள்ளே பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு துள்ளுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வைக்கோல் போரைப் படமெடுத்துத் தர்சிகாவுக்கு அனுப்புவேன். "அப்பா, எல்லாப் படத்திலையும் வைக்கல்தான் நிக்குது. ஈபிள் டவர் எங்கை?" என்பாள். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது என்று லா சப்பலில் எல்லாத் தாய்தகப்பனும் புலம்புகிறார்கள். என் பிள்ளை பரந்தனில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் பிரெஞ்சு படித்தாள். நான் ஒருபோதும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை.

4

டிசம்பரில் ஒரு பெருங்காற்று. படங்கு கிழிந்து, ஒரு போர் முழுவதும் மூன்று நாள் மழையில் நின்றது. அதற்குப் பிறகு போன முதல் லொறியே வாசலில் இருந்து திரும்பி வந்தது. இன்னொரு தரம் இப்படி வந்தால் வேறு ஆளிடம் வாங்குவோம் என்று நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். பெர்னார் என்னைக் கூப்பிட்டு, நிலையத்தோடு இருக்கும் ஒப்பந்தம் போனால் தனக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை என்றார். அந்தப் பிரெஞ்சு எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

ஜனவரியில் அவர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போனார். "போர் உன் பொறுப்பு" என்றார். நான் உய் என்றேன், விளங்கித்தான் சொன்னேன்.

நனைந்த போருக்குள் தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே இளஞ்சூடாக இருந்தது. வைக்கோல் அவியத் தொடங்கிவிட்டது, விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், தீயும் பிடிக்கும். கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, காற்றுப் போக இடைவெளி விட்டு, மறுபடி அடுக்கினேன். அப்போதுதான் களஞ்சியத்தின் மூலையில் அந்த மூட்டைகளைக் கண்டேன். பனி உறைந்து வழுக்காமல் முற்றத்தில் எறிய வைத்திருந்த கல்லுப்பு.

பரந்தனில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனையிறவு உப்பளம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். வைக்கோல் நனைந்துவிட்டால் அடுக்குக்கு அடுக்கு உப்பைத் தூவித்தான் அப்பா போர் வைப்பார். பூஞ்சணம் அண்டாது, மாடும் ஆசையாய்த் தின்னும். இங்கே தின்ன மாடில்லை என்பது எனக்கும் தெரியும். பூஞ்சணம் அண்டாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஐந்து மூட்டையையும் உடைத்தேன். கட்டுகளின் கயிற்றை இளக்கி, உள்ளே கைபோகும் இடமெல்லாம் தூவினேன். விரல் வெடிப்புகளில் உப்புப் பட்டு எரிந்தது, அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. இந்த நாட்டுக்கு வந்து யாரும் சொல்லாமல் நானாக யோசித்துச் செய்த முதல் வேலை அதுதான்.

நல்ல காய்ந்த காற்று அடித்தது. இரண்டு கிழமையில் போர் உலர்ந்தது. லொறிகள் போயின, கம்பி குத்தினார்கள், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. தர்சிகாவுக்குப் படம் அனுப்பி, இது அப்பா காப்பாற்றிய வைக்கோல் என்று எழுதினேன்.

5

பெப்ரவரி கடைசியில் நிலையத்திலிருந்து இரண்டு பேர் முற்றத்தில் வந்து இறங்கினார்கள். பெர்னார் ஊன்றுகோல்களோடு நின்றார். புகையில் அமிலம் ஏறியிருக்கிறது, கொதிகலனை நிறுத்தவேண்டி வந்தது, திறந்து பார்த்தால் சாம்பல் உருகிக் குழாய்களில் ஒட்டிக்கிடக்கிறது, குழாய்களை அரித்துமிருக்கிறது. மூன்று நாள் அந்த அடுக்குமாடிகளில் சூடு இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் நான் நீட்டுக்கை வண்டியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு போனேன்.

இந்தப் போரில் யாராவது எதையாவது போட்டீர்களா என்று பெர்னார் கேட்டார். மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்றே கேட்டார்.

"உய்," என்றேன். "நான்தான். உப்பு. ஐந்து மூட்டை."

பாராட்டப் போகிறார்கள் என்றே நினைத்தேன். வந்தவர்களில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார். பெர்னார் பக்கத்தில் கிடந்த வைக்கோல் கட்டின்மேல் மெல்ல உட்கார்ந்தார். வைக்கோலில் இயற்கையாகவே உப்புச் சத்து இருக்கிறது, அது கொதிகலனுக்கு நஞ்சு, அதைக் கழுவத்தான் கோடையில் மழைக்குக் காத்து நிற்கிறோம் என்றார். "உனக்கு வயலில் வைத்துச் சொன்னேன். நீ ஆம் என்றாய்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒரு கிழமைக்குள் பதிவுத் தபால் வந்தது. கடும் தவறு என்று போட்டு, அன்றோடு நிறுத்தம். அப்படித்தான் எழுத வேண்டும் என்று காப்புறுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். பெர்னார் தொலைபேசியில் சொன்னார், குரல் சரியில்லை. என்னிடம் இருந்தவை பதினொரு சம்பளச் சீட்டுகள்.

மெலனுக்கு ரயில் எடுத்து அவருடைய வீட்டுக்குப் போனேன். மகளின் படத்தைக் காட்டினேன். மார்ச் முடியும்வரை வேலையில் இருந்ததாக ஒரு கடிதமும் அந்த மாதச் சீட்டும் மட்டும் தாருங்கள் என்று, சார்செலில் இருந்து மெலன்வரை ரயிலில் பாடமாக்கிக்கொண்டு போன வசனத்தைச் சொன்னேன். அவர் மனைவி கோப்பி ஊற்றி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். பெர்னார் மேசையில் இருந்த தன் கைகளையே பார்த்தார். காப்புறுதிக்காரர்கள் தன்னையும் துருவி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், பொய்க் கடிதம் பிடிபட்டால் பண்ணையே போய்விடும் என்றார். அவர் நல்ல மனிதர். என்னால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை, அதுதான் பெரிய கொடுமை.

6

மார்ச் முழுவதும் இந்த வீதியில் கதவு கதவாக ஏறி இறங்கினேன். துணிக்கடை, மளிகைக் கடை, நான் பத்து வருடம் கோப்பை கழுவிய கடை. எல்லாரும் தெரிந்தவர்கள்தான்.

"கறுப்பிலை எண்டால் இண்டைக்கே நில்லு," என்றார் என் பழைய முதலாளி. "கொந்திரா எழுதச் சொல்லாதை. இப்ப ஆருக்கும் எழுதேலாது."

கொந்திரா என்றால் ஒப்பந்தம். வீதி முனையில் தொலைபேசி உறை விற்கும் ஒருவன், பெயர் சொல்ல மாட்டேன், பன்னிரண்டாவது சீட்டையும் கடிதத்தையும் தானே அடித்துத் தருவதாகச் சொன்னான். மாதிரியும் காட்டினான். அசலைவிட அழகாக இருந்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். உண்மையைச் சொன்னால், சரி என்று சொல்லத்தான் போனேன். அதற்கு முன் அந்துவான் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று நினைத்தேன்.

அந்துவான் ஐயா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் இருந்து எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். என்னுடைய கோப்பு ஒரு வருடமாக அவரிடம்தான் இருந்தது. ஒவ்வொரு மாதமும் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், துளை போட்டுக் கோப்பார்.

"பதினொண்டை வைச்சுப் போடலாமோ ஐயா?"

"போடலாம் தம்பி. ஆனா தோசியே, இந்தக் கோப்பு, முழுசா இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. முழுசா வந்த தேதிதான் கணக்கு. நான் முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸ்ல உட்கார்ந்தவன், உங்களுக்குப் பொய்யா தைரியம் சொல்லக் கூடாது."

"ஒருத்தன் சீட்டு அடிச்சுத் தாறன் எண்டு சொல்லுறான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாட்டினா உங்க விசாவும் போயிடும். அப்புறம் பழையபடி பேப்பர் இல்லாம ஒளிஞ்சுதான் இருக்கணும். பொண்ணை அப்புறம் எப்படிப் பார்க்கறது?"

பதினான்கு வருடமாக எப்படிப் பார்க்கிறேனோ அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. அவரிடமிருந்த என் கோப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். அழுதேன். வடக்கு ரயில் நிலையத்தின் படிகளில் சனம் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய ஆம்பிளை அழக்கூடாத மாதிரி அழுதேன்.

நேற்று என் மனைவி சுகந்திக்குச் சொன்னேன். நீ மட்டுமாவது வரலாம், வேறு வேலை எடுத்ததும் உனக்கு விண்ணப்பம் போடுகிறேன் என்றேன்.

"பிள்ளையை விட்டிட்டோ?" என்றாள். "என்ன கதை கதைக்கிறியள்." பிறகு சொன்னாள்: "அவளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். என்னாலை ஏலாது."

7

தொலைபேசி அடித்தது. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எடுத்தேன். பேசி முடித்த பிறகு இதை எழுதுகிறேன்.

கண்ணாடிக்குள் தர்சிகா. நீலச் சட்டை, கன்னத்தில் ஐசிங் அப்பியிருந்தது. கூட்டாளிப் பெட்டைகள் பின்னால் நின்று கையாட்டினார்கள். சுகந்தி மேசையருகில் கேக்கை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. வாழ்த்துச் சொன்னேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். கேக் எந்தக் கடையில் என்று கேட்டேன். கேட்பதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்தது. தொண்டையைச் செருமினேன்.

"பிள்ளை, அப்பா உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"பொறுங்கோ அப்பா, முதல் நான் சொல்லுறன். மூண்டு நாளாப் பாடமாக்கினனான். சிரிக்கக் கூடாது." பெட்டைகளைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். நிமிர்ந்து நின்று, வகுப்பில் ஆசிரியருக்கு முன்னால் நிற்பவள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பாப்பா, ஜரீவ் கான்?"

அப்பா, நான் எப்போது வந்து சேருவேன் என்று கேட்கிறாள். உச்சரிப்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இந்த மொழியில் என்னிடம் கேட்கப்பட்ட எந்தக் கேள்வியும் இவ்வளவு துப்புரவாக விளங்கியதில்லை. பதிலும் தெரியும். நேற்று முழுக்க அதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"உய்," என்றேன். "உய், உய்."

தர்சிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இஞ்சை வாங்கோ! அப்பாக்குப் பிரெஞ்சு விளங்கேல்லை! எப்ப எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லுறார்!"

பெட்டைகளும் சிரித்தார்கள். சுகந்தி கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.